விடுதலையா, இணைப்பா? மொரிசியஸ், ரீயூனியன், இலங்கை

எங்கள் கடையில் சாமிக்குத் துணி தைக்கிறோம். அம்மனுக்குச் சாத்தும் பாவாடை, காவடித் துணி, தேருக்குத் தொம்பை, சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பு, எல்லாம் உண்டு. அப்பா புதுமண்டபத்துத் தூணோரம் மிஷின் போட்டிருந்தார். இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறோம். தைப்பூசம் நெருங்கினால் கடல் தாண்டிப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் மதுரைக்கு வருவார்கள். மீனாட்சியைப் பார்த்துவிட்டு, பழனிக்குப் போகும் வழியில் எங்களிடம் துணி வாங்குவார்கள்.

போன வருஷம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் மொரிசியசிலிருந்து ஒரு பெரியவர். தட்டுத் தடுமாறித் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படித்தார். போகும்போது என் மகன் கையில் அவர்கள் ஊர் நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தார். அதில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழ். படத்தில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், அந்த ஊர் வழக்கறிஞர், அமைச்சராக இருந்தவர். என் மகன் அந்த நோட்டை இன்னும் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து, மொரிசியசுக்குப் பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். பிரான்ஸ் நாட்டுப் பாஸ்போர்ட், யூரோ பணம். குடும்பப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் நீளமாகக் கிடந்தது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ராமசாமி. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவர் பையில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் மாரியம்மன் பாட்டு பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தது. அவர் பாடிக் காட்டியபோது எங்களுக்கு முக்கால்வாசி புரிந்தது, அவருக்குப் புரியவில்லை. கூட வந்த வழிகாட்டித் தம்பி மூலமாக அவர் என்னிடம் கேட்டார்: “நீங்கள் சுதந்திரம் வாங்கினீர்கள். பக்கத்துத் தீவு வாங்கியது. நாங்கள் வாங்கவில்லை. யார் செய்தது சரி?”

நான் பதில் தேடுவதற்குள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த என் அம்மா தலை நிமிராமல் சொன்னார்: “சிலோனுக்கும்தான் சுதந்திரம் கெடைச்சுச்சு. எங்களுக்கு இருந்ததும் அதோட போச்சு.”

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் விட மனசில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். அந்த ரீயூனியன் அம்மாவுக்கு எழுதி அனுப்பிய பதிலின் விரிவுதான் இது.

முதலில், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மொரிசியசையும் ரீயூனியனையும் பார்க்கலாம். ஒப்பிடுவதற்கு இவ்வளவு பொருத்தமான ஜோடி உலகத்தில் அதிகம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர் கடல், மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் உள்ள தூரம் அளவுக்கு. இரண்டும் எரிமலை எழுப்பிய தீவுகள். இரண்டிலும் ஆதியில் குடி கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இரண்டிலும் தோட்டம் போட்டார்கள். 1810ல் ஆங்கிலேயர் இரண்டையும் பிடித்தார்கள். பிறகு சமாதான உடன்படிக்கையில் ரீயூனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்ல துறைமுகம் உள்ள மொரிசியசை வைத்துக்கொண்டார்கள். அடிமை முறை மொரிசியசில் 1835லும் ரீயூனியனில் 1848லும் முடிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே, நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு போனார்கள். மொரிசியசுக்கு மட்டும் 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து நாலரை லட்சம் பேர். ரீயூனியனுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே அவர்களுக்கு இன்றும் ‘மலபார்’ என்றுதான் பெயர்.

ஆக விதை ஒன்று, மண் ஒன்று, வேலையும் ஒன்று. பிரிந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். ரீயூனியன் 1946 மார்ச் 19ஆம் தேதிச் சட்டத்தின் மூலம் பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆனது. மொரிசியஸ் 1968 மார்ச் 12 அன்று விடுதலை வாங்கியது. அந்தத் தேதியைச் சும்மா எடுக்கவில்லை, காந்தி தண்டிக்கு நடக்கத் தொடங்கிய நாள் அது. காந்தியே 1901ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா திரும்பும் வழியில் மொரிசியசில் சில வாரம் தங்கியவர். அதற்கு இருபது வருஷம் கழித்து எங்கள் மேலமாசி வீதியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேட்டித் துண்டுக்கு மாறினார். துணி தைக்கிறவளுக்கு அந்தக் கதை மறக்காது.

வயிற்றுப்பாட்டில் எந்த வழி மேல் என்று கேட்டால், ரீயூனியன் பக்கம் தராசு சாயும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் சராசரி வருமானம் மொரிசியசைப் போல இரண்டு மடங்கு அளவில் இருக்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் ஐரோப்பியத் தரம். வேலை இல்லாதவருக்கும் உதவித்தொகை வரும். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பாரீசுக்குப் போய் யாரையும் கேட்காமல் வேலை தேடலாம். 2002 ஜனவரி 1 அன்று யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது, நேர வித்தியாசத்தால் முதல் வியாபாரமே ரீயூனியனில்தான் நடந்தது. ஒரு கிலோ லிச்சிப் பழம் வாங்கினார்களாம்.

ஆனால் அந்தப் பணம் எப்படி வருகிறது, யார் கைக்குப் போகிறது என்று பார்க்கும்போது மனசு நெருடுகிறது. அரசாங்க உத்தியோகஸ்தருக்கு அங்கே பிரான்சில் இருப்பதைவிட 53 சதவீதம் கூடுதல் சம்பளம். சாப்பாட்டுச் சாமான் விலை 2022 கணக்குப்படி பிரான்சைவிட 37 சதவீதம் அதிகம், ஏனென்றால் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. உத்தியோகம் இல்லாதவனும் அதே விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். பிரான்சின் அளவுகோலில் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏழை. 2018ல் பிரான்சில் விலையேற்றத்தை எதிர்த்துக் கிளம்பிய மஞ்சள் சட்டைப் போராட்டம் இங்கேயும் வந்தபோது அந்தத் தீவே பல நாள் முடங்கிப்போனது. சம உரிமை என்று 1946ல் சொன்னார்களே, குறைந்தபட்சக் கூலி பிரான்சுக்குச் சமமாக வந்தது எப்போது தெரியுமா? 1996ல், அரை நூற்றாண்டு கழித்து.

இன்னொரு விஷயத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1960களின் தொடக்கத்திலிருந்து 1980களின் தொடக்கம் வரை ரீயூனியனிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிப் பிரான்சின் கிராமங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஊர்களில் ஜனம் குறைந்துகொண்டிருந்தது, இங்கே ஏழை வீடுகளில் பிள்ளைகள் அதிகம் என்பது அதிகாரிகள் போட்ட கணக்கு. பல பெற்றோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எதற்குக் கைநாட்டு வைக்கிறோம் என்றே புரியாமல் வைத்தார்கள், பிள்ளைகள் விடுமுறைக்குத் திரும்பி வருவார்கள் என்று நம்பியவர்கள் உண்டு. நிறையப் பேர் வளர்ந்து ஆளான பிறகுதான் தங்கள் ஊர் எது என்று தெரிந்துகொண்டார்கள். 2014ல் பிரான்ஸ் நாடாளுமன்றம் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொண்டது. தன் ஊர் ஆட்களே நடத்தும் அரசாங்கமும் கொடுமை செய்யும், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒரு தீவின் பிள்ளைகளை எண்ணிக்கையாகப் பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு எளிதாக வந்துவிட்டது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

சரி, மொரிசியசுக்கு வருவோம். அந்த நாடு பிழைக்கும் என்று 1960களில் சொன்னவர்கள் குறைவு. ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர், பின்னால் நோபல் பரிசு வாங்கியவர், 1961ல் ஓர் அறிக்கை கொடுத்தார். சின்னத் தீவு, கூட்டம் அதிகம், ஏற்றுமதியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சர்க்கரை ஒன்றே, அதோடு இன வேற்றுமை. அமைதியாக முன்னேறும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது அவர் முடிவு. அதை யாரும் பழிக்க முடியாது, அன்றைய நிலவரம் அப்படித்தான் இருந்தது.

விடுதலை வேண்டுமா என்பதே அங்கே பாதிக்குப் பாதியாகப் பிரிந்த கேள்வி. 1967 ஆகஸ்ட் 7 தேர்தல் அதை வைத்துத்தான் நடந்தது. சிவசாகர் ராம்கூலம் தலைமையிலான விடுதலைக் கூட்டணிக்கு 39 இடம். விடுதலை வேண்டாம், பிரிட்டனோடு இணைந்தே இருப்போம் என்ற கயதான் டுவால் கட்சிக்கு 23 இடம். ஓட்டுக் கணக்கில் பார்த்தால் வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேர். இந்துக்கள் கை ஓங்கிவிடும் என்று, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் பயந்தார்கள், நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். விடுதலைக்கு இரண்டு மாதம் முன்னால், 1968 ஜனவரியில், தலைநகர் போர்ட் லூயிசில் முஸ்லிம்களுக்கும் கிரியோல்களுக்கும் வெட்டுக்குத்து. பிரிட்டிஷ் பட்டாளம் வந்துதான் அடக்கியது.

அங்கிருந்து அந்தத் தீவு எப்படி மீண்டது என்பதுதான் நான் அதிக நாள் செலவழித்துப் படித்த பகுதி. ஒன்று, தோற்றவர்களை வெளியே நிறுத்தவில்லை. விடுதலைக்கு முன்பே ஓர் ஏற்பாடு பேசி முடித்திருந்தார்கள். தேர்ந்தெடுக்கும் 62 இடங்களுக்கு மேல் எட்டு இடம். எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைகிறதோ அந்தச் சமூகத்தில் தோற்றவர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு அந்த இடம் போகும். இதில் குறைகள் உண்டு, இனம் மதம் பார்த்து ஆளை அடையாளப்படுத்துகிறது என்று இன்றும் அங்கே வழக்கு நடக்கும் அளவுக்கு விமர்சனம் உண்டு. ஆனாலும் 1968ல் பயந்து கிடந்த வீடுகளுக்கு அது தாழ்ப்பாள் மாதிரி இருந்தது. அடுத்த வருஷமே டுவாலைக் கூப்பிட்டு ராம்கூலம் மந்திரியாக்கினார். இன்றைக்கு அந்த நாட்டு ஆயிரம் ரூபாய் நோட்டில் இருப்பது யார் படம்? விடுதலையே வேண்டாம் என்ற அதே டுவால். எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடித்தது.

இரண்டு, சர்க்கரை. 1975ல் ஐரோப்பாவோடு போட்ட ஒப்பந்தப்படி வருஷத்துக்கு ஐந்து லட்சம் டன் சர்க்கரையை உறுதி விலைக்கு விற்க முடிந்தது. பெரும்பாலான வருஷங்களில் அது உலகச் சந்தை விலைக்கு மேல். அந்த வருமானத்தில் இலவசப் படிப்பும் வைத்தியமும் நடந்தன. தனி நாடாக இருந்ததால் தனக்காகத் தானே பேரம் பேச முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது எங்கள் தொழில். 1970ல் ஏற்றுமதிக்கென்று தனிச் சட்டம் போட்டு ஆயத்த ஆடை ஆலைகளை வரவழைத்தார்கள். கரும்பு வெட்டிய குடும்பத்துப் பெண்கள் மிஷினில் உட்கார்ந்தார்கள். பனியே விழாத அந்தத் தீவு, கம்பளி ஸ்வெட்டர் ஏற்றுமதியில் உலகத்தின் முன்வரிசைக்கு வந்தது. நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்கிறவள் என்பதால் சொல்கிறேன், அந்தச் சம்பளம் பெரிதில்லை, முதுகு போய்விடும். ஆனால் அது அந்தப் பெண்களின் கைக்கு வந்த முதல் மாதச் சம்பளம்.

பட்டாளம் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொரிசியசை மெச்சிக்கொண்டே போவதும் நியாயமில்லை. விடுதலைக்குப் பிறகு மூன்று நாலு வருஷத்தில் நெருக்கடி நிலை கொண்டுவந்து, தேர்தலை 1976 வரை தள்ளிப் போட்டார்கள். 1999ல் போலீஸ் காவலில் ஒரு பாடகர் இறந்தபோது வெடித்த கலவரம், கிரியோல் ஏழைகளுக்கு வளர்ச்சி போய்ச் சேரவில்லை என்று காட்டியது. எல்லாவற்றுக்கும் மேலே சாகோஸ். விடுதலைக்கு விலையாக 1965லேயே பிரிட்டன் அந்தத் தீவுக்கூட்டத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டது, மொரிசியசுக்கு 30 லட்சம் பவுன் கொடுத்தது. அதில் பெரிய தீவான டியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் போடுவதற்காக 1968 முதல் 1973 வரை அங்கே இருந்த குடிகளை அடியோடு வெளியேற்றினார்கள். தேங்காய்த் தோட்டத்தில் தலைமுறையாக வேலை பார்த்தவர்கள் போர்ட் லூயிஸ் சேரிகளில் வந்து விழுந்தார்கள். 2019ல் சர்வதேச நீதிமன்றம் அந்தப் பிரிப்பு சட்டப்படி செல்லாது என்று கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் தீவுகளைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது, தளத்தை மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு வைத்துக்கொண்டு. இத்தனை வருஷம் கழித்தும் சர்வதேச நீதிமன்றம் வரை போய் வழக்காட ஒரு நாட்டுக்குத்தான் முடியும். அதே நேரம், அந்த நாடு பிறப்பதற்காகத் தெருவுக்கு வந்தவர்கள் அந்தச் சாகோஸ் குடிகள் என்பதும் உண்மை.

மொழி விஷயத்தில் இரண்டு தீவுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் கடை மேஜையிலேயே தெரிந்தது. மொரிசியசில் 1998ல் புதிய நோட்டு அச்சடித்தபோது, வழக்கமாக இரண்டாவதாக வரும் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே போட்டுவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் சின்னச் சிறுபான்மைதான். ஆனால் எழுப்பிய குரலில் அரசாங்கம் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. அங்கிடி செட்டியார் குடியரசுத் துணைத் தலைவராக இருந்தவர். ரீயூனியனில் மலபார்கள் பிரெஞ்சுக் குடிமக்களாக எல்லா உரிமையோடும் இருக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், கோயில் கட்டுகிறார்கள். மொழி மட்டும் போய்விட்டது. தடை போட்டுப் பிடுங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம், உத்தியோகம், மரியாதை எல்லாம் ஒரே மொழியில் இருந்தால் மற்றது வீட்டுக்குள்ளேயே வாடிப்போகும்.

இதுவரை படித்தால் விடுதலைதான் மேல் என்று முடித்துவிடத் தோன்றும். எங்கள் அம்மா கதைக்கு வந்தால் அப்படி முடிக்க முடியாது.

இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று விடுதலை வாங்கியபோது, ஆசியாவிலேயே நல்ல நிலையில் இருந்த காலனி என்று பெயர். எல்லோருக்கும் ஓட்டு 1931லேயே வந்தாயிற்று, நம் ஊருக்கு வருவதற்கு இருபது வருஷம் முன்னால். இலவசக் கல்வி 1945ல். தேயிலைக்கு நல்ல விலை, கையில் இருப்பு, ரத்தம் சிந்தாத கைமாற்றம். மொரிசியசோடு அன்றைக்கு ஒப்பிட்டிருந்தால் எவரும் இலங்கை மேல்தான் பணம் கட்டியிருப்பார்கள்.

அம்மாச்சிக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்க ஆரம்பித்திருந்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கொடி ஏற்றி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பன்னும் மிட்டாயும் கொடுத்ததாகச் சொல்வார். “நாங்களும் கை தட்டுனோம்டி, நல்லாத் தட்டுனோம்,” என்பார். அந்த வருஷம் முடிவதற்குள் குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவர்களுக்கு எங்கே சான்று? ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மலையகத் தமிழர்கள், தலைமுறையாக அந்த நாட்டுக்குச் சோறு போட்டவர்கள், ஒரே கையெழுத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1949ல் ஓட்டும் போனது. 1947 தேர்தலில் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலை வேடிக்கை பார்த்தார்கள். விண்ணப்பம் போடலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது, பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின.

அப்புறம் 1964 அக்டோபர் 30, சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பதே முக்கால் லட்சம் பேரை இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. இந்தியாவுக்கு ஐந்தே கால் லட்சம், இலங்கைக்கு மூன்று லட்சம், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வந்தது, ஏற்றிவிட வந்தவர்களும் ஏறியவர்களும் அழுத அழுகையில். என் அம்மா 1972ல் ஒன்பது வயதில் அந்தக் கோச்சியில் ஏறி, கப்பல் மாறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் மூன்று வாரம் இருந்தார். அப்புறம் மதுரை. தாத்தாவுக்குத் தொழில் கடன் என்று வந்த தொகையில் பாதி இடையில் இருந்தவர்கள் கையிலேயே கரைந்தது. மீதியில் வாங்கிய மாடும் செத்தது. கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை தூக்கினார். தெருவில் எங்களுக்குப் பெயர் ‘சிலோன்காரங்க’. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். விடுதலை அங்கே யாருக்குமே நன்மை செய்யவில்லை என்று நான் எழுதினால் அது பொய். சிங்களக் கிராமத்து விவசாயியைக் கேட்டால் காணி கிடைத்தது, பள்ளிக்கூடம் கிடைத்தது, பிள்ளை டாக்டர் ஆனான் என்பார். ஆயுளிலும் எழுத்தறிவிலும் இலங்கை நம்மை எப்போதும் முந்தியே நின்றது. அதேபோல வெள்ளைக்காரன் காலம் மலையகத்துக்குப் பொற்காலமும் இல்லை. பத்தடி லயத்து அறை, அரைப்பேர் போட்டுக் கூலியைப் பாதியாக்கும் கங்காணி, அட்டைக் கடி எல்லாம் அவன் காலத்து ஏற்பாடுதான். அவன் செய்த பெரிய குற்றம், இந்த ஏழு லட்சம் பேரும் யார் என்பதைத் தீர்க்காமலே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது. சிறுபான்மைக்குப் பாதகமாகச் சட்டம் போடக் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. ஆனால் யார் குடிமகன் என்பதையே வெட்டிவிட்டால் அந்தப் பிரிவு யாரைக் காப்பாற்றும்? 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி, 1972ல் அந்தப் பிரிவும் இல்லை, 1983 ஜூலை, அதற்குப் பின் 2009 வரை நடந்தது நமக்குத் தெரியும். இலங்கை ரூபாய் நோட்டிலும் தமிழ் உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நோட்டில் எழுத்து இருந்தால் மட்டும் போதாது. 2003ல் ஒரு சட்டம் போட்டு எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். அம்மாச்சி கை தட்டி ஐம்பத்தைந்து வருஷம் கழித்து.

எங்கள் வீட்டிலிருந்து ஆனையூர் இலங்கை அகதிகள் முகாம் பக்கம்தான். 83க்குப் பிறகு வந்தவர்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். எங்களிடம் பொத்தான் தைக்க வரும் ஒரு தங்கச்சி அங்கே பிறந்தவள். கல்லூரி முடித்திருக்கிறாள், குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது.

ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் பிரான்சின் கையில் இருந்த கொமோரோ தீவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1974 டிசம்பர் வாக்கெடுப்பில் மூன்று தீவுகள் விடுதலை என்றன, மயோத் மட்டும் பிரான்சோடு இருக்கிறேன் என்றது. கொமோரோவில் அடுத்த சில பத்தாண்டுகளில் ஆட்சிக் கவிழ்ப்பும் அதற்கான முயற்சியுமாக இருபது, 1997ல் அஞ்சுவான் தீவு எங்களைத் திரும்ப எடுத்துக்கொள் என்று பிரான்சிடம் கெஞ்சும் நிலை. மயோத்துக்குப் போகக் கள்ளத்தோணி ஏறி எத்தனையோ பேர் கடலில் போயிருக்கிறார்கள். ஜமைக்காவில் 2011ல் எடுத்த கருத்துக்கணிப்பில் பத்தில் ஆறு பேர் வெள்ளைக்காரனே இருந்திருந்தால் தேவலை என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே பிள்ளை வளர்க்கிறவர்களின் பதில் அது.

அந்த ரீயூனியன் அம்மாவுக்கு நான் எழுதியது இதுதான். உங்கள் ஊரில் இன்றைக்கு ஓட்டெடுப்பு வைத்தால், வேண்டாம் என்று நீங்கள் போடுவதில் தப்பில்லை. எண்பது வருஷமாக ஆஸ்பத்திரியும் பென்ஷனும் கப்பல் சாமானும் பிரான்சோடு கோத்துக் கிடக்கின்றன, அந்தத் தையலைப் பிரித்தால் துணி கிழியும். கூலிச் சமத்துவத்தை ஐம்பது வருஷம் போராடி வாங்கியிருக்கிறீர்கள், அதை விடாதீர்கள். உங்களுக்குக் குறைவது முடிவெடுக்கும் உரிமையும் மொழியும். நாடு பிரியாமலே அதில் கொஞ்சத்தைக் கேட்டு வாங்கலாம். ஆனால் 1960களில் நின்று, மொரிசியஸ் வழியா உங்கள் வழியா என்று என்னைக் கேட்டால், நான் மொரிசியஸ் வழிதான் போவேன். அதுவும் ஒரு நிபந்தனையோடு. கொடி ஏறுவதற்கு முதல் நாளே, அந்த மண்ணில் இருக்கிற ஒவ்வொரு ஆளும் குடிமகன் என்று எழுதிக் கையெழுத்தாகியிருக்க வேண்டும், கரும்புக் காட்டிலும் தேயிலை மலையிலும் குனிந்து நிற்கிறவர் உட்பட. மொரிசியஸ் அரசியலமைப்பில் அது இருந்தது. இலங்கையில் அதைத் தள்ளிப் போட்டார்கள், அந்த இடைவெளியில்தான் என் அம்மாவின் ரயில் ஓடியது. அந்தக் கையெழுத்து கிடைக்காது என்றால், கொடியைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்வேன்.

வழிகாட்டித் தம்பி அதைப் பிரெஞ்சில் மாற்றி வாட்ஸாப்பில் அனுப்பினார். நாலு நாள் பதில் இல்லை, கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். அப்புறம் ஓர் ஆர்டர் வந்தது. அவர்கள் ஊர் மாரியம்மனுக்கு மஞ்சள் பட்டில் பாவாடை, கீழே ஜரிகையில் அவர் குடும்பப் பெயர் தமிழில் வேண்டும். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ‘ராமசாமி குடும்பத்தார்’ என்று சாக்பீசில் எழுதிக் கொடுத்தார். தைத்து முடித்துப் படம் அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எழுத்துக்கு எது மேல் பக்கம் என்று கேட்டிருந்தார்.

பார்சல் கட்டும் முன் மேல் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் முடிச்சுப் போட்டு வைத்தேன்.